பதினோராமவருக்கு நிகரான பயம்

பல் உடைவதில் ஓர் ஒழுங்கு உண்டு. முகத்துக்கு நேராக வரும் எந்தப் பொருளும் முதலில் மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டையும்தான் சந்திக்கும்; மற்றவற்றைவிட அவை சற்று முன்னால் நிற்கின்றன. பொருள் கொஞ்சம் தாழ்வாக வந்தால் கீழுதட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். பக்கவாட்டில் வந்தால் கோரைப்பல்லில் படும். கோரைப்பல்லின் வேர் நீளமானது என்பதால் அது லேசில் விழாது. தான் விழாமல், தாடை எலும்பில் ஒரு விரிசலை விட்டுவிட்டு அப்படியே நிற்கும். பல் டாக்டர்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து தரும் பட்டறைக்காரருக்கு இன்னும் நெருக்கமாகத் தெரியும். டாக்டர் பார்ப்பது வீங்கிய வாயை மட்டும்தான். உள்ளே என்னதான் நடந்தது என்பது, அச்சு எடுத்து வெள்ளை மாவில் வார்த்த பிறகு, பட்டறை மேஜையில்தான் தெளிவாகும்.

அப்படி ஒரு பட்டறைக்காரரைத்தான், ஆடவர் உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்குப் போகும் வழியில் தங்கள் நாட்டு அணியில் உட்கார வைத்திருந்தார்கள். தொழிலை முன்னிட்டு அணியில் எல்லோரும் அவரைப் பல்லு என்று கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அந்த வழியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உலகக் கோப்பையில் ஆட வேண்டுமானால் உலகத் தகுதிச் சுற்றில் ஜெயிக்க வேண்டும். உலகத் தகுதிச் சுற்றுக்குப் போக, வட்டார இறுதியில் ஜெயிக்க வேண்டும். வட்டார இறுதிக்குக் கீழே வட்டாரத் தகுதிச் சுற்று. அதற்குக் கீழே துணை வட்டாரத் தகுதிச் சுற்று. அதற்கும் கீழே, தகுதிச் சுற்றில் தோற்பதற்காவது தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் முன்தகுதிச் சுற்று. மொத்தத்தில் இது அடுக்கடுக்கான ஒரு பெரிய வடிகட்டி. வேலை செய்யும் விதத்தில் மட்டும் ஒரு வித்தியாசம். சாதாரண வடிகட்டியில் தேங்கி நிற்பதைக் கொட்டிவிடுவார்கள். இங்கே தேங்கியதை அள்ளி, அடுத்த முறை மேலிருந்து மறுபடியும் ஊற்றுவார்கள். பல்லுவின் நாட்டு அணி, அது தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஊற்றப்பட்டுக்கொண்டே இருந்தது.

இந்த வடிகட்டியைப் பராமரிப்பது, உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் பேரவை. பேரவையின் விதிகளில் மிகவும் அறிவுள்ளதும் மனிதாபிமானம் உள்ளதுமான ஒரு விதிதான் பல்லுவை அங்கே கொண்டுவந்து சேர்த்தது. ஓர் ஆட்டக்காரருக்குத் தலையில் அடிபட்டு மயக்கம் வந்தால், அவருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கலாம். நல்ல விதி. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருப்பதைப் பேரவை கண்டுபிடித்தது. மட்டையே பிடிக்கத் தெரியாதவருக்கு அடிபட்டதும், அந்த இடத்தில் ஒரு சூரப்புலியை இறக்கிவிட்டால்? ஆகவே, பதிலுக்கு வருபவர் அடிபட்டவருக்கு நிகரானவராக இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். நல்லவருக்கு நல்லவர். மோசமானவருக்கு அதே அளவு மோசமானவர். முன்கூட்டியே இன்னாருக்கு இன்னார் என்று சொல்லி வைத்துவிட வேண்டும்.

அணியின் பதினோராவது ஆட்டக்காரர் ஒரு பஸ் டிரைவர். சுழற்பந்து போடுவதில் கெட்டிக்காரர். ஆனால் மட்டையோடு நிற்கும்போது, பந்து வந்தால் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு நிகராக ஓர் ஆளைத் தேடித்தான் அணியின் கேப்டன், டயர் கடை வைத்திருப்பவர், தன் அக்காவின் வீட்டுக்கு வந்தார். அக்காவின் கணவர்தான் பல்லு.

"மாமா, ஒரு சின்ன உதவி. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். சும்மா வந்து உக்காந்துட்டு வாங்க."

"எங்க உக்காரணும்?"

"பெவிலியன்ல. நாற்காலி போட்டிருப்பாங்க."

"பந்து எங்க வரும்?"

"உங்க பக்கமே எட்டிப் பாக்காது."

பல்லுவின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "டேய், எனக்குன்னு இருக்கறது ஒரே புருஷன். ஏதாவது ஆச்சு, உன் கடையில இருக்கற டயர் எல்லாத்தையும் உன் கழுத்துல மாட்டிடுவேன்."

"அக்கா, நாடு முழுக்கத் தேடிட்டேன்க்கா. மாமாவை விட மோசமா ஆடறவங்க யாருமே இல்ல."

"அதை ஏன்டா இவ்வளவு பெருமையா சொல்ற?"

 அதுவரை பல்லுவை யாரும் நாடு முழுக்கத் தேடியதில்லை. அது கொஞ்சம் பிடித்துப்போனதால்தான் சம்மதித்தார்.

முன்தகுதிச் சுற்று நடந்த மைதானம், வாகனப் பரிசோதனை நிலையம் ஒன்றின் பின்புறம் இருந்தது. வழக்கமாக அங்கே கால்பந்து ஆடுவார்கள். நடுவில் சிமென்ட் போட்டு, அதன்மேல் மேட் விரித்திருந்தார்கள். மேட் என்பது முரட்டு இழைகளால் நெய்த கனமான விரிப்பு. புல் ஆடுகளம் இல்லாத இடத்தில் அதற்குப் பதிலாகப் போடுவது. இதைத் தொய்வில்லாமல் இழுத்து, ஓரங்களில் இரும்பு முளை அடித்தால் பந்து ஒழுங்காக எழும்பும். ஆனால் பேரவை அங்கீகரித்த மேட், பேரவை அங்கீகரித்த ஆடுகளத்தைவிட நீளம் குறைவு. அதனால் இரண்டு துண்டுகளை ஒட்டுப்போட்டிருந்தார்கள். ஒட்டுப்போட்ட இடம் வெயிலில் லேசாக மேலெழும்பி நின்றது. வேகப்பந்து வீச்சாளர்கள் பந்தை எங்கே குத்த விரும்புவார்களோ, சரியாக அங்கே. பந்து அந்த ஒட்டில் பட்டால், முழங்கால் உயரத்துக்கு வரவேண்டியது முகவாய்க்கு வரும்.

தொடக்க நாளன்று பேரவையின் வட்டார வளர்ச்சி அதிகாரி அந்த மேட்டின்மேல் ஒரு தடவை நடந்து பார்த்தார். கால் தடுக்கவில்லை. திருப்தி என்று அறிவித்துவிட்டு ஒலிபெருக்கியில் பேசினார்.

"பிட்ச்ல சின்னச் சின்ன ஆச்சரியங்கள் இருக்கலாம். ஆச்சரியம் இல்லன்னா அது கிரிக்கெட்டே இல்ல. நான் எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல என் நாற்காலி எங்கன்னு பாப்பேன். வெயில்ல போட்டிருந்தா, இங்க கிரிக்கெட் இன்னும் வளரலன்னு அர்த்தம். கண்ணாடிக்குப் பின்னால போட்டிருந்தா வளருதுன்னு அர்த்தம். இங்க எனக்கு ரெண்டு அடுக்குக் கண்ணாடி போட்டிருக்காங்க. கண்ணு கலங்கிப்போச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள்.

கடைசி ஆட்டம் வரைக்கும் பல்லு நிம்மதியாகத்தான் இருந்தார். கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற நிலை. எதிரணியில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். கட்டடம் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுபவர். ஆள் அவ்வளவு நெட்டை. பண்பானவரும்கூட. முதல் ஆட்டக்காரரின் தோளில் பந்து பட்டதும் ஓடிவந்து, "மன்னிச்சுக்கங்க அண்ணே, அந்த ஒட்டுல பட்டுடுச்சு" என்றார். அடுத்தவருக்கு விரலில் பட்டது. மன்னிப்பு. மூன்றாமவருக்கு விலாவில். மன்னிப்பு. ஒவ்வொரு மன்னிப்புக்கும் பல்லு தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிற்பகலில் நாற்காலி சுவரில் முட்டியது.

ஆட்டம் கடைசி ஓவருக்கு வந்தது. ஒன்பது பேர் அவுட். ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். இரண்டு பந்துதான் மிச்சம் என்ற நிலையில், டிரைவர் வழக்கம்போலத் தலையைத் திருப்பிக்கொண்டார். பந்து ஒட்டில் குத்தி எழும்பி, ஹெல்மெட்டின் பக்கவாட்டில் மோதியது.

அந்தச் சத்தம் பல்லுவுக்குப் பழக்கமானது. வார்த்த அச்சு கைதவறித் தரையில் விழுந்தால் அப்படித்தான் கேட்கும். அவருடைய நாக்கு தானாகவே மேல்வரிசையை ஒருமுறை தடவிப் பார்த்தது.

டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பேரவையின் டாக்டர் மண்டியிட்டு, மூளை கலங்கியிருக்கிறதா என்று அறியும் கேள்விகளைக் கேட்டார். இது எந்த இடம் என்று கேட்டார். டிரைவர் சரியாகச் சொன்னார். கடைசியாகப் பந்து போட்டது யார் என்று கேட்டார்.

"அந்தக் கிரேன் தம்பி. பாவம், அழுதிட்டிருக்கான் பாருங்க."

"இது எந்தச் சுற்று?"

டிரைவர் யோசித்தார். "தகுதிச் சுற்று."

"எந்தத் தகுதிச் சுற்று? முழுசா சொல்லுங்க."

"துணை... வட்டார... தெரியல டாக்டர்."

டாக்டர் வருத்தத்தோடு தலையாட்டினார். சரியான விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அம்பயரைக் கேட்டார். அம்பயருக்கும் தெரியவில்லை. டாக்டர் அம்பயரின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, ஒரே நாளில் இரண்டு பேரை வெளியே அனுப்பினால் ஆட்டம் நடக்காது என்பதால், டிரைவரை மட்டும் அனுப்பினார்.

இப்போது எல்லோரும் திரும்பி, சுவரோடு ஒட்டியிருந்த நாற்காலியைப் பார்த்தார்கள்.

பயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று காலை ஓடவைக்கும். மற்றது காலைப் பிடித்துக்கொள்ளும். பல்லுவுக்கு வந்தது இரண்டாவது. அதனால் இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக ரெஃபரியின் அறைக்கு அழைத்துப்போனார்கள். நிகர் மாற்று உண்மையிலேயே நிகர்தானா என்று களத்தில் இறங்குமுன் ரெஃபரி சரிபார்க்க வேண்டும். அறையில் நீள மேஜை, பழக்கூடை, இரண்டு அடுக்குக் கண்ணாடி. மேஜைக்குப் பின்னால் ரெஃபரியும் வளர்ச்சி அதிகாரியும் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக டாக்டர். டிரைவரின் ஹெல்மெட் விரிசலோடு மேஜைமேல் இருந்தது.

பல்லுவுக்கு ஒரு வழி தோன்றியது. நிகரில்லை என்று ஆகிவிட்டால் இறங்க வேண்டியதில்லை.

"சார், நான் டிரைவருக்கு நிகர் இல்ல. அவரைவிட நல்லா ஆடுவேன்."

"மாமா!" என்றார் கூடவே வந்திருந்த மைத்துனர், அணியின் கேப்டன்.

"ஆதாரம்?" என்றார் ரெஃபரி.

"காலேஜ்ல ஒரு தடவை பதினஞ்சு ரன் எடுத்தேன்."

வளர்ச்சி அதிகாரியின் முகம் வாடியது. "தன்னம்பிக்கை! இதைத்தான் நாங்க ஒவ்வொரு ஊர்லயும் கவனமா பாத்துட்டு வர்றோம். ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களுக்கும் தொத்திக்கும்."

ரெஃபரி பழக்கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்கிப் போட்டார். பல்லு கண்ணை இறுக்க மூடி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆரஞ்சு நெஞ்சில் பட்டு உருண்டது.

"ஒரு வித்தியாசம் இருக்கே," என்றார் ரெஃபரி. "டிரைவர் தலையைத் திருப்புவார். இவர் கண்ணை மூடறார்."

"ரெண்டுலயும் பந்து தெரியாது," என்றார் டாக்டர்.

"டிரைவர் பின்னால ஒரு எட்டு வைப்பார். இவர் நகரவே இல்லையே?"

"நடுங்கினார். நடுக்கமும் நகர்வுதான். ஒரே இடத்துல நகர்றார், அவ்வளவுதான்."

ரெஃபரி எழுந்து பல்லுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துக்கள். உங்க பயம் நூத்துக்கு நூறு பொருந்துது."

"சார், எனக்கு வீட்டுக்குப் போகணும்."

"இதையேதான் டிரைவரும் சொல்வார்," என்று மைத்துனர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

டிரைவரின் ஹெல்மெட் சாட்சிப் பொருளாகிவிட்டதால் அதைத் தொடக்கூடாது. தொடக்க ஆட்டக்காரர் தன்னுடையதைக் கொடுத்தார்; அவர் பெரிய தலைக்காரர். பல்லு தலையைத் திருப்பினால் ஹெல்மெட் அரை நொடி கழித்துத் திரும்பியது. எல்லைக்கோட்டில் வளர்ச்சி அதிகாரி நிறுத்தினார். ஹெல்மெட் நெற்றியில் கம்பெனியின் முத்திரை, பேரவை அனுமதித்த அளவைவிடப் பெரியதாம். வெள்ளை டேப்பை எடுத்து அவரே ஒட்டினார். டேப் கொஞ்சம் நீளமாகிவிட்டது. மீதி கம்பி வலையின்மேல் தொங்கி, ஒரு கண்ணை மறைத்தது.

"பார்வை மறைக்குதா?"

"பரவாயில்ல சார். எப்படியும் மூடத்தான் போறேன்."

"அது உங்க உரிமை. அதுல நாங்க தலையிட மாட்டோம்."

மைதானத்தின் நடுவுக்கு நடப்பது என்பது வெளியிலிருந்து பார்க்கும்போது சின்ன தூரம். உள்ளே நடப்பவருக்கு அது வேறு. பல்லுவுக்குத் தன் மூச்சு ஹெல்மெட்டுக்குள் திரும்பி வந்து முகத்தில் அடிப்பது மட்டும் கேட்டது. ஹெல்மெட் எப்படிக் காக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மேல் விளிம்புக்கும் கம்பி வலைக்கும் நடுவே பார்ப்பதற்கு ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். பந்து நுழையாத அளவுக்கு. ஆனால் தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டில் கம்பி வலை முகத்தோடு ஒட்டி நிற்கும். பந்து நுழையாது, கம்பியே நுழையும். கம்பி பட்ட வாய் ஒன்று போன வருடம் அவருடைய மேஜைக்கு வந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

எதிர்முனையில் நின்ற மைத்துனர் வந்து காதருகே பேசினார். "மாமா, பந்து வந்தா மட்டையைக் குறுக்க வையுங்க, போதும்."

"எதுக்குக் குறுக்க?"

"உங்களுக்கும் பந்துக்கும்தான்."

"அந்த இடத்துல வேற யாராவது நிக்க முடியாதாடா?"

"மாமா, அக்கா மேல சத்தியமா, ஒண்ணும் ஆகாது."

"உங்க அக்கா மேல நீ சத்தியம் பண்ணி உருப்பட்டது எது?"

கிரேன் ஓட்டுபவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.  "அண்ணே, முடிஞ்சவரைக்கும் உங்க மேல படாமப் போடறேன்."

"தம்பி, அந்த ஒட்டுல மட்டும் போட்டுடாத."

"அதைப் பாக்காம இருக்கணும்னுதான் நினைக்கிறேன். கண்ணு அங்கயேதாண்ணே போகுது."

அம்பயர் இருவரையும் பிரித்துவிட்டார். நெட்டையான அந்த உருவம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. வாகனப் பரிசோதனை நிலையத்தின் மதில்வரை போய்த் திரும்பியது. பல்லுவின் வாய் உலர்ந்து, உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. காலடிச் சத்தம் தொடங்கியதும் கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடலாம். பந்து கையைவிட்டுப் போகும் முன்பே, அதுவரை பல்லுவின் காலைப் பிடித்து வைத்திருந்த பயம், காலை ஓடவைக்கும் பயமாக மாறியது. அவர் திரும்பி ஓடத் தொடங்கினார். மட்டையைக் கீழே போட மறந்ததால் அது தோளுக்குமேல் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. பந்து ஒட்டில் குத்தி எழும்பி, அவர் முகம் சற்றுமுன் இருந்த இடத்தைத் தேடி வந்தது. அங்கே இப்போது மட்டையின் முதுகு இருந்தது. பட்டு, கீப்பரின் தலைக்குமேல் பறந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியது. நான்கு ரன்.

பல்லு ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஸ்கொயர் லெக்கில் நின்ற அம்பயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவினார். எல்லாம் இருந்தன. அம்பயரை விடவே மனம் வரவில்லை.

அணியினர் குதித்து முடிப்பதற்குள் எதிரணியின் கேப்டன் ரெஃபரியிடம் போய்விட்டார். அவருடைய புகாரில் நியாயம் இருந்தது. டிரைவர் இந்தத் தொடர் முழுக்க எடுத்தது இரண்டு ரன். அவருக்கு நிகரானவர் ஒரே பந்தில் நான்கு எடுத்தால், அவர் எப்படி நிகர்?

மறுபடியும் அதே அறை. ரெஃபரி நிலைமையை விளக்கினார். பல்லு அந்தப் பந்தைத் திறமையால் அடித்திருந்தால், அவர் டிரைவருக்கு நிகரில்லை, அந்த ரன் செல்லாது, வெற்றி எதிரணிக்கு. பயத்தால் அடித்திருந்தால் எல்லாம் முறைப்படிதான்; வெற்றி செல்லும், அணி அடுத்த சுற்றுக்குப் போகும்.

"டிரைவர் வர முடியாது," என்று டாக்டர் நினைவூட்டினார். "அவருக்கு ஓய்வு வேணும்."

"அதனால என்ன, அங்க பதினோராவது ஆளா இவரே இறங்கலாமே!" என்றார் வளர்ச்சி அதிகாரி உற்சாகத்தோடு. "அடுத்த சுற்று நடக்கற ஊர்ல வசதியெல்லாம் இன்னும் மேல. பௌலருங்க இந்தக் கிரேன்காரரைவிட ரெண்டு மடங்கு வேகம். மேட் கூட மூணு துண்டு."

பல்லு கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

விசாரணைக்குமுன் மைத்துனருக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "மாமா, இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நாங்க மேல போனதில்ல. கண்ணை மூடிட்டுத்தான் நின்னேன்னு உண்மையைச் சொல்லுங்க, போதும்."

"உண்மையைச் சொன்னா நான் மூணு துண்டு மேட்ல நிக்கணும்."

"சொல்லலன்னா நாங்க மறுபடியும் கீழ நிக்கணும்."

"கீழ நின்னா பல்லு இருக்கும்ல?"

மைத்துனர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பல்லுவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முடிவு செய்துவிட்டார். மூன்று துண்டு மேட்.

ரெஃபரி முதலில் சாட்சிகளைக் கூப்பிட்டார்.

"பந்து போட்டது நீங்கதான். அவர் திறமையா அடிச்சாரா, பயந்து அடிச்சாரா?"

கிரேன் ஓட்டுபவர் கையைப் பிசைந்தார். "எனக்குத் தெரியாது சார். கையை விட்டதுமே நானும் கண்ணை மூடிட்டேன்."

"கீப்பர்?"

"நான் குனிஞ்சுட்டேன் சார்."

"அம்பயர்?"

"அவர் என்னைக் கட்டிப்பிடிச்ச பிறகுதான் கண்ணைத் திறந்தேன்."

"கேமரா?"

"இந்தச் சுற்றுக்குக் கேமரா கிடையாது," என்றார் வளர்ச்சி அதிகாரி. "அடுத்த சுற்றுலதான்."

ரெஃபரி சாய்ந்து உட்கார்ந்தார். "ஆக, ஒரு சர்வதேச ஆட்டத்தோட கடைசிப் பந்தை யாருமே பாக்கல. இதுல எனக்கு ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. பேரவையில நாங்க முக்கியமான முடிவு எல்லாமே இப்படித்தான் எடுக்கறோம்." பிறகு பல்லுவைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

பல்லு நிமிர்ந்து நின்றார். "தெரிஞ்சுதான் அடிச்சேன் சார். பந்து வர்றதைப் பாத்து, நிதானமா, திட்டம் போட்டு அடிச்சேன். எனக்குப் பயமே கிடையாது."

பின்னால் யாரோ விசும்பினார்கள். மைத்துனராக இருக்க வேண்டும். எதிரணியின் கேப்டன் புன்னகைத்தார்.

"முதுகைக் காட்டிட்டா?"

"அது என்னோட பாணி சார்."

ரெஃபரி யோசித்தார். மேஜைமேல் சாட்சிப் பொருளாக அந்தப் பந்து இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கையை ஓங்கினார்.

பல்லு மேஜைக்கு அடியில் இருந்தார். எப்படி வந்தார் என்பது அவருக்கே தெரியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் திறந்தபோது, எதிரே இன்னொருவர் அதேபோல முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டு கசங்கியிருந்தது. வளர்ச்சி அதிகாரி.

"பந்தைப் போட்டுட்டாரா?" என்று அதிகாரி கிசுகிசுத்தார்.

"தெரியல சார். சத்தம் கேக்கல."

"சின்ன வயசுல ஒரு தடவை மூக்குல பட்டுச்சு. அன்னிலிருந்து அந்தச் சிவப்பு நிறத்தைப் பாத்தாலே எனக்கு ஆகாது. அதனாலதான் நிர்வாகத்துக்கு வந்தேன்." அவர் கோட்டின் கழுத்தைத் தூக்கி மூக்கை மறைத்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாதீங்க. உங்களுக்காவது உங்க பயத்தை அளந்து, இவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க. என்னோடதை இதுவரைக்கும் யாரும் அளக்கல. அது எங்க போய் நிக்கும்னே தெரியாம ஒவ்வொரு ஊரா போயிட்டிருக்கேன்."

பல்லு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "தலையைக் குனிஞ்சுக்கங்க சார்," என்றார். "தாடை நெஞ்சுல படணும். அப்பதான் முன்பல்லு தப்பிக்கும்."

அதிகாரி நன்றியோடு குனிந்துகொண்டார்.

மேலே ரெஃபரியின் குரல் கேட்டது. பந்து அவர் கையிலேயேதான் இருந்தது. பேரவை இதுவரை கண்டதிலேயே குறையற்ற, கலப்படமில்லாத பயம் இது என்று அவர் அறிவித்தார். அந்த நான்கு ரன்னில் திறமையின் சாயல்கூட இல்லை. வெற்றி செல்லும். ஒரே ஒரு நிபந்தனை: நிகரானவர் என்று தீர்ப்பாகிவிட்டதால், அடுத்த சுற்று முடியும்வரை பல்லு மட்டையைத் தொட்டுப் பயிற்சி செய்யக்கூடாது. தைரியம் தரும் புத்தகங்களோ, ஆறுதலான பேச்சோ கூடாது. பயம் ஒரு துளி குறைந்தாலும் அணி வெளியேற்றப்படும். வாரம் ஒருமுறை டாக்டர் வந்து சரிபார்ப்பார்.

"சார், நான் பொய் சொன்னேன்," என்று பல்லு மேஜைக்கடியிலிருந்து கத்தினார். "அது மேல ஏதாவது தண்டனை இருக்குமே? தடை கிடை?"

"பொய்யும் பயத்துலதான் சொன்னீங்க," என்றார் ரெஃபரி கனிவாக. "அதையும் சேத்துத்தான் கணக்குல எடுத்துக்கிட்டோம்."

அதற்குமேல் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. கதவு திறந்து அணி முழுவதும் உள்ளே புகுந்தது. தலையில் கட்டுப்போட்ட டிரைவர்கூட வந்திருந்தார். மைத்துனர் மேஜைக்கடியில் கையை விட்டுப் பல்லுவின் காலைப் பிடித்து இழுத்தார். "மாமா! எங்க குலசாமி மாமா நீங்க!" அடுத்த நொடி பல்லு எல்லோருடைய தோளுக்கும் மேலே இருந்தார். ஒரு காலை ஒருவர் பிடித்திருந்தார். மற்றக் காலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை யாரும் பிடித்திருக்கவில்லை. கீழே கூட்டம் இடமும் வலமுமாக ஆடியது. பிடித்துக்கொள்ள மைத்துனரின் முடியைத் தவிர எதுவும் இல்லை. எதிரே கதவின் மேல்சட்டம், கெட்டியான மரம், நேராக அவருடைய வாய் மட்டத்தில் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இறக்குங்கடா!" என்று அவர் கத்தினார். "டேய், இறக்குங்கடா என்னை!"

ஆனால் கீழே எல்லோருமே கத்திக்கொண்டிருந்தார்கள். பல்லுவும் தங்களோடு சேர்ந்து கத்துவதைக் கேட்டதும் அவர்களுடைய சந்தோஷம் இரண்டு மடங்காகியது. அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள்.